பத்து லட்சம் கையொப்பமும் ஒரு பதிலும்: ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சிச் சேவை குறித்து ஒரு மதிப்புரை

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் நடத்தும் இணையச் சேவைகளில் அரசியல் எடை மிகுந்தது எது என்று கேட்டால், ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சித் தளத்தையே சொல்வேன். குறைந்தது ஏழு உறுப்பு நாடுகளில் போதிய ஆதரவைத் திரட்டி, மொத்தம் பத்து லட்சம் குடிமக்களின் கையொப்பத்தைப் பெற்றுவிட்டால், இன்ன பொருளில் சட்டம் கொண்டுவாருங்கள் என்று ஆணையத்திடம் முறைப்படி கேட்கலாம். ஆணையம் அதற்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் தந்தே ஆக வேண்டும்; ஆனால் சட்டம் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. 2012 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இச்சேவை, கையொப்பமிடுவது முதல் இறுதிப் பதில் வரை, தருவதாகச் சொல்வதைத் தருகிறதா என்பதே என் கேள்வி.

இப்படியொரு சேவை ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாடுகளைக் கடந்த எந்த ஆட்சியமைப்புக்கும் ஒரு பிறவிக் குறை உண்டு. சட்டத்தை முன்மொழியும் அதிகாரம் பெற்ற ஆணையர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடி முடிவெடுக்கும் அமைச்சர்கள் அவையில் ஒரு முடிவுக்குக் கை உயர்த்திவிட்டு வரும் அமைச்சர், தம் நாட்டுக்குத் திரும்பியதும் அதே முடிவை, ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸின் திணிப்பு என்று பேச முடிகிறது. கலப்பற்ற மக்கள் ஒருபுறம், அவர்களை மதிக்காத மேல்தட்டு மறுபுறம் என்று சமூகத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டும் வெகுஜனவாத அரசியலுக்கு இதைவிட வாகான இலக்கு கிடைக்காது. 2005இல் ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தைப் பிரான்சில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரும் நெதர்லாந்தில் 61 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களும் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். குடிமக்கள் முன்முயற்சி என்ற உரிமை, நிராகரிக்கப்பட்ட அந்த வரைவிலேயே இடம்பெற்றிருந்தது. பின்னர் அது லிஸ்பன் ஒப்பந்தத்துக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டு, 2009 டிசம்பரில் சட்ட வலுப் பெற்றது. ஆக, தொலைவில் இருப்பவர்கள் நம் பேச்சைக் கேட்பதில்லை என்ற குற்றச்சாட்டுக்கு நிறுவனம் அளித்த நேரடியான பதிலாகவே இச்சேவையை எடைபோட வேண்டும்.

பயன்படுத்தும் அனுபவத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. தளம் ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளிலும் இயங்குகிறது. ஒவ்வொரு முன்முயற்சியின் பக்கத்திலும் அதன் நோக்கம், ஏற்பாட்டாளர்களின் பெயர், 500 யூரோவுக்கு மேல் நிதி அளித்தவர்களின் விவரம் ஆகியவை திறந்தே கிடக்கின்றன. கையொப்பப் படிவத்தில் முதலில் உங்கள் குடியுரிமை எந்த நாட்டுக்குரியது என்று கேட்கப்படும். அதற்கேற்பக் கேள்விகள் மாறும். ஜெர்மானியக் குடிமகன் முகவரியையும் பிறந்த நாளையும் தர வேண்டும். இத்தாலியக் குடிமகனோ ஸ்பானியக் குடிமகனோ அடையாள ஆவண எண்ணைத் தர வேண்டும். அடையாள எண்ணைக் கேட்கும் இடத்தில் பலர் தயங்கிப் படிவத்தை மூடிவிடுவார்கள் என்பதை ஊகிக்கலாம், ஆனால் அந்தக் கேள்விதான் கையொப்பத்துக்கு மதிப்பைத் தருகிறது. சேகரித்து முடித்த பின், ஒவ்வொரு நாட்டின் அதிகாரிகளும் மூன்று மாதங்களுக்குள் தங்கள் குடிமக்களின் கையொப்பங்களைச் சரிபார்த்துச் சான்றளிக்கிறார்கள்.

தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நாடுவாரியான அட்டவணை. ஒரு நாட்டின் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையை அவையின் மொத்த இடங்களால் பெருக்கி வருவதுதான் அந்நாட்டுக்கான குறைந்தபட்ச எண்ணிக்கை. இப்போதைய 720 இடங்களைக் கொண்டு பார்த்தால், 96 உறுப்பினர்களை அனுப்பும் ஜெர்மனிக்கு 69,120 கையொப்பங்கள். ஆறு உறுப்பினர்களை அனுப்பும் மால்டாவுக்கு 4,320. எந்த நாடு இந்த எல்லையைத் தாண்டிவிட்டது, எது பாதி வழியில் நிற்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரே நாட்டின் கோபத்தை ஐரோப்பா முழுவதன் கோபமாகக் காட்ட இந்த அட்டவணை விடுவதில்லை, அதுவே இதன் சிறப்பு.

அந்தச் சிறப்பின் அருமையை உணர, அதே ஆணையம் நடத்தும் மற்றொரு சேவையோடு இதை ஒப்பிட வேண்டும். பொதுக் கலந்தாய்வுத் தளத்தில் 2018 கோடையில், ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றும் வழக்கத்தைக் கைவிடலாமா என்று ஆணையம் கேட்டது. 46 லட்சம் பதில்கள் வந்தன. 84 விழுக்காட்டினர் கைவிடலாம் என்றார்கள். அவற்றுள் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவை ஜெர்மனியிலிருந்து மட்டும் வந்தவை. தாமாக முன்வந்து பதில் எழுதியவர்களின் எண்ணிக்கையை ஒரு வாக்கெடுப்பின் முடிவைப் போல எடுத்துக்கொண்டு, மக்கள் விரும்புகிறார்கள், நாங்கள் செய்கிறோம் என்ற பொருளில் அப்போதைய ஆணையத் தலைவர் ஜான் கிளோட் யுங்கர் தொலைக்காட்சியில் பேசினார். செப்டம்பரில் சட்ட முன்மொழிவு வந்தது. 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஆதரித்தது. அமைச்சர்கள் அவையில் இன்றுவரை உடன்பாடு எட்டப்படவில்லை. கடிகாரங்கள் இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. வெகுஜனவாதத்தை எதிர்க்கும் நிறுவனமே அதன் மொழியைக் கடன் வாங்கிப் பேசியதன் விளைவு இது. எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்ற வரம்போ, கையொப்பச் சரிபார்ப்போ இல்லாத ஒரு கருத்துப் பெட்டியின் மீது பெரிய வாக்குறுதியை ஏற்றி வைத்தார்கள். அதை நிறைவேற்றும் அதிகாரமோ அவர்களிடம் முழுமையாக இல்லை.

இன்னொரு முனையில், ஹங்கேரி அரசு வீடுவீடாக அனுப்பும் தேசியக் கலந்தாய்வுப் படிவங்கள் இருக்கின்றன. 2017இல் வந்த படிவத்தின் தலைப்பே பிரஸ்ஸல்ஸைத் தடுத்து நிறுத்துவோம் என்பதுதான். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டுக் கருத்துக் கேட்கும் அந்த முறைக்கும், ஏற்பாட்டாளர்கள் தாமே எழுதிய கோரிக்கையைக் குடிமக்கள் படித்துப் பார்த்துக் கையொப்பமிடும் இந்த முறைக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. இங்கே கேள்வியை எழுதுவது ஆட்சியில் இருப்பவர்கள் அல்ல.

பதிவுக் கட்டம் பல ஆண்டுகள் இச்சேவையின் பலவீனமான இடமாக இருந்தது. வெவ்வேறு உறுப்பு நாடுகளில் வசிக்கும் ஏழு பேர் சேர்ந்து குழு அமைத்து விண்ணப்பித்தால், இரண்டு மாதங்களுக்குள் ஆணையம் பதிவு செய்ய வேண்டும் அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் மறுப்புகள் மிக அதிகம். அமெரிக்காவுடனான வர்த்தக ஒப்பந்தப் பேச்சை நிறுத்தக் கோரிய முன்முயற்சியை 2014 செப்டம்பரில் ஆணையம் பதிவு செய்ய மறுத்தது. ஏற்பாட்டாளர்கள் பதிவின்றியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டிவிட்டு, வழக்கும் தொடர்ந்தார்கள். மறுத்தது தவறு என்று ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்தபோது, டிரம்ப் அமெரிக்க அதிபராகி, அந்தப் பேச்சு முன்பே முடங்கிப் போயிருந்தது. முறையான வாயிலை அடைத்ததால் அந்த எதிர்ப்பு தெருவுக்குப் போனது. தெருவில் அதைத் தமதாக்கிக்கொள்ள எல்லா வகைக் கட்சிகளும் தயாராக இருந்தன. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் இதைப் பெருமளவு சரிசெய்திருக்கின்றன. கோரிக்கையில் ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட பகுதியை மட்டும் பதிவு செய்யலாம், எழுத்தைத் திருத்தித் தரக் குழுவுக்கு வாய்ப்பு அளிக்கப்படுகிறது, கையொப்பம் திரட்டும் ஓராண்டு எந்த நாளில் தொடங்க வேண்டும் என்பதையும் பதிவுக்குப் பின் ஆறு மாதங்களுக்குள் குழுவே தேர்ந்தெடுக்கலாம்.

பொதுத்துறைச் சீர்திருத்தத்தில் இச்சேவை உண்மையில் என்ன சாதிக்க முடியும் என்பதற்குத் தண்ணீர் உரிமை கோரிய முன்முயற்சியைவிடத் தெளிவான சான்று இல்லை. பொதுத்துறை ஊழியர்களின் தொழிற்சங்கங்கள் முன்னின்று நடத்திய அது, 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் எல்லையைத் தாண்டிய முதல் முன்முயற்சியாயிற்று. நல்ல குடிநீரும் கழிவுநீர் வசதியும் மனித உரிமை, தண்ணீர் வழங்கலைச் சந்தைக்குத் திறந்துவிடக் கூடாது என்பதே கோரிக்கை. அதே காலத்தில் கடன் நெருக்கடியில் சிக்கிய கிரேக்கத்தின் மீட்புத் திட்டத்தில், ஏதென்ஸ், தெசலோனிகி நகரங்களின் குடிநீர் நிறுவனங்கள் தனியாருக்கு விற்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் இருந்தன. அத்திட்டத்தை மேற்பார்வையிட்ட மூன்று அமைப்புகளுள் ஆணையமும் ஒன்று. 2014 மே மாதம் தெசலோனிகியில் தன்னார்வலர்கள் நடத்திய, சட்ட வலு இல்லாத வாக்கெடுப்பில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டு, அவர்களில் 98 விழுக்காட்டினர் தனியார்மயம் வேண்டாம் என்றார்கள். அதே மாதத்தில் கிரேக்கத்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஏதென்ஸ் நிறுவனத்தின் விற்பனையைத் தடுத்தது.

முன்முயற்சியால் என்ன நடந்தது? மூன்று விளைவுகளைச் சொல்லலாம். கையொப்பம் திரண்டுகொண்டிருந்தபோதே, 2013 ஜூனில், பொதுச் சேவைகளை நடத்தும் உரிமையை நிறுவனங்களுக்கு அளிக்கும் ஒப்பந்தங்கள் பற்றிய புதிய சட்டத்திலிருந்து தண்ணீரை விலக்குவதாக ஆணையம் அறிவித்தது. முறையான பதில் வருவதற்கு முன்பே கிடைத்த இந்த வெற்றிதான் மூன்றிலும் பெரியது என்பது என் கருத்து. இரண்டாவதாக, 2014 மார்ச்சில் வந்த பதில் புதிய சட்டம் எதையும் உறுதியாகச் சொல்லாமல், நடைமுறையில் இருப்பவற்றை மேம்படுத்துவதாகப் பேசி நழுவியது. மூன்றாவதாக, குடிநீர் தொடர்பான சட்டம் திருத்தி எழுதப்பட்டு 2020 டிசம்பரில் நிறைவேறியது. நலிந்த பிரிவினருக்குத் தண்ணீர் கிடைப்பதை மேம்படுத்த உறுப்பு நாடுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற பிரிவு அதில் வந்தது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆயினும் எட்டு ஆண்டுகளில் ஒரு சட்டப் பிரிவு உருவானது, யாரையும் எதிரியாகச் சித்திரிக்காமல்.

கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடைசெய்யக் கோரிய முன்முயற்சியிலும் இதே பாங்கைக் காணலாம். தடை கிடைக்கவில்லை, அனுமதி 2017இல் ஐந்தாண்டுகளுக்கும் 2023இல் பத்தாண்டுகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் நிறுவனங்கள் தரும் ஆய்வுகளை வெளிப்படையாக வைக்க வேண்டும் என்ற துணைக் கோரிக்கை, 2019இல் உணவுப் பாதுகாப்பு மதிப்பீட்டில் வெளிப்படைத்தன்மைக்கான சட்டமாக வந்தது.

இனி, நான் கடுமையாகக் குறைகாணும் பகுதிக்கு வருகிறேன். பதில் வந்த பிறகு நடப்பதில் இச்சேவைக்கு எந்தப் பிடியும் இல்லை. கூண்டுகளில் விலங்குகளை வளர்ப்பதை நிறுத்தக் கோரிய முன்முயற்சி ஏறத்தாழ 14 லட்சம் கையொப்பங்களைப் பெற்றது. 2021 ஜூனில் ஆணையம் மனமுவந்து ஏற்று, 2023 முடிவதற்குள் சட்டம் முன்மொழிவதாக உறுதியளித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் விலங்குகளைக் கொண்டுசெல்வது பற்றியும், நாய், பூனை நலன் பற்றியும் முன்மொழிவுகள் வந்தன. கூண்டுகளைப் பற்றி ஒன்றும் வரவில்லை. ஏற்பாட்டாளர்கள் 2024இல் நீதிமன்றத்தை நாடினார்கள். தன் கைப்பட எழுதித் தந்த காலக்கெடுவை ஒரு நிறுவனம் தவறவிட்டால், அதைச் சுட்டிக்காட்டத் தளத்தில் ஒரு தொடர்நடவடிக்கைப் பக்கம் இருக்கிறது. அதைக் கடைப்பிடிக்க வைக்க எதுவும் இல்லை.

தேனீக்களையும் விவசாயிகளையும் காக்கக் கோரிய முன்முயற்சிக்கு நேர்ந்தது இதைவிட வருத்தமானது. செயற்கைப் பூச்சிக்கொல்லிகளை 2030க்குள் 80 விழுக்காடு குறைத்து 2035க்குள் முற்றிலும் விலக்க வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்டார்கள். 2023 ஏப்ரலில் வந்த பதில், புதிய சட்டம் தேவையில்லை, பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டைப் பாதியாகக் குறைக்கும் எங்கள் முன்மொழிவும் இயற்கையை மீட்கும் முன்மொழிவும் ஏற்கெனவே அவையில் இருக்கின்றன, அவற்றை நிறைவேற்றுவதே வழி என்றது. நியாயமான பதில்தான். ஆனால் அதற்கு முந்தைய மாதமே நெதர்லாந்தின் மாகாணத் தேர்தலில், பண்ணைகளிலிருந்து வெளியாகும் நைட்ரஜன் மீதான கட்டுப்பாடுகளை எதிர்த்து எழுந்த உழவர் குடிமக்கள் இயக்கம் என்ற புதிய கட்சி முதலிடம் பிடித்திருந்தது. நவம்பரில் பூச்சிக்கொல்லி முன்மொழிவை ஐரோப்பிய நாடாளுமன்றம் நிராகரித்தது. 2024 பிப்ரவரி 1 அன்று நூற்றுக்கணக்கான டிராக்டர்கள் பிரஸ்ஸல்ஸில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் நின்றன. பிப்ரவரி 6 அன்று, அந்த முன்மொழிவைத் திரும்பப் பெறப்போவதாக ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையன் அறிவித்தார். இயற்கையை மீட்கும் சட்டம் மட்டும் அந்த ஆண்டு ஜூனில் மயிரிழையில் தப்பி நிறைவேறியது.

விவசாயிகளின் குறைகள் உண்மையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. இடுபொருள் விலையும், இறக்குமதிப் போட்டியும், முடிவற்ற படிவங்களும் அவர்களைக் கசக்கிப் பிழிந்தன. அந்தக் கோபத்தைத் தேர்தலுக்கு அறுவடை செய்தவர்கள் வேறு. நான் கேட்பது, எந்தக் குரலுக்கு எந்த வழியில் எவ்வளவு வேகமாகப் பலன் கிடைக்கிறது என்பதை மட்டும். அடையாளம் சரிபார்க்கப்பட்ட பத்து லட்சம் கையொப்பங்களுக்கு அளிக்கப்பட்ட பதிலின் மையத் தூண் பத்து மாதங்களில் அகற்றப்பட்டபோது, கையொப்பமிட்டவர்களுக்கு அந்தப் பதிலைத் திருத்தி எழுதித் தர வேண்டிய கடமை ஆணையத்துக்கு விதிகளின்படி எழவில்லை. பொறுமையாக வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை இதுதான் என்றால், வரிசையில் நிற்காதீர்கள் என்று சொல்லும் அரசியலுக்கு நிறுவனமே சான்றிதழ் தருகிறது. இச்சேவையின் தோல்வி என்று நான் கருதுவது இந்த ஒன்றைத்தான். இது வடிவமைப்பிலேயே உள்ள தோல்வி.

ஆணையத்தைச் சட்டம் முன்மொழியக் கட்டாயப்படுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கருவைப் பாதுகாக்கக் கோரி 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைப் பெற்ற முன்முயற்சி 2014இல் மறுக்கப்பட்டபோது, வழக்கு உச்ச நிலை வரை சென்றது. முன்முயற்சி வெற்றி பெற்றாலும் சட்டத்தை முன்மொழிவதா வேண்டாமா என்ற தெரிவு ஆணையத்திடமே இருக்கும் என்று 2019 டிசம்பரில் இறுதித் தீர்ப்பு வந்தது. 45 கோடி மக்கள் வாழும் ஒன்றியத்தில், பத்து லட்சம் பேரைத் திரட்ட வல்ல எந்த அமைப்பும் சட்டம் இயற்றும் இயந்திரத்தைத் தானாக இயக்கிவிடலாம் என்றால், பணமும் வலைப்பின்னலும் உள்ளவர்களுக்கே அது முதலில் பயன்படும். கட்டாயம் வேண்டியது வேறோர் இடத்தில். ஆணையம் தானே ஒரு காலக்கெடுவை எழுதித் தந்தால், அதைத் தவறவிடும்போது ஏற்பாட்டாளர்களை நாடாளுமன்றக் குழுவின் முன் மீண்டும் சந்தித்துக் காரணம் சொல்ல வேண்டும். பதிலின் அடிப்படையாக இருந்த முன்மொழிவு கைவிடப்பட்டால், ஆறு மாதங்களுக்குள் புதிய பதில் தர வேண்டும். ஒப்பந்தத்தைத் திருத்தாமல், விதிகளைத் திருத்தியே இதைச் செய்யலாம்.

யாருக்கு இது பயன்படும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றியத்தின் உறுப்பு நாடொன்றின் குடியுரிமையும், ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் வயதும் இருந்தால் கையொப்பமிடலாம். சில நாடுகளில் 16 வயதே போதும். பல்லாண்டு அங்கே வாழ்ந்து, வரி செலுத்தி, குடியுரிமை மட்டும் பெறாதவர்களுக்கு இடமில்லை. அந்த நாடுகளின் தண்ணீரையும் மருத்துவமனையையும் பள்ளியையும் அவர்களும்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால் இது எனக்கு உறுத்துகிறது. ஏற்பாட்டாளராக இறங்குபவர்களுக்கு ஆணையம் இலவசச் சேகரிப்புத் தளம், மொழிபெயர்ப்பு, சட்ட ஆலோசனை மன்றம் ஆகியவற்றைத் தருகிறது. பரப்புரைச் செலவுக்குப் பணம் தருவதில்லை. 2012 முதல் பதிவான நூற்றுக்கும் மேற்பட்ட முன்முயற்சிகளில் சிறு பகுதியே பத்து லட்சத்தை எட்டியதற்கு இது முக்கியக் காரணம். பெரிய தொண்டு நிறுவனமோ தொழிற்சங்கமோ பின்னால் இல்லாமல் வெல்வது அரிது. விற்ற விளையாட்டு மென்பொருளை நிறுவனங்கள் பின்னாளில் இயங்காமல் முடக்குவதை எதிர்த்த முன்முயற்சி, இணையக் காணொளிகளின் வலுவிலேயே 2025 ஜூலையில் அந்த எண்ணிக்கையைத் தாண்டியது, விதிவிலக்காக.

கையொப்பமிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், இடலாம் என்பதே. சரிபார்ப்பும், நாடுவாரி வரம்பும், மூன்று மாதங்களுக்குள் நாடாளுமன்ற விசாரணையும், ஆறு மாதங்களுக்குள் காரணத்தோடு கூடிய எழுத்துப் பதிலும் சேர்ந்து கிடைக்கும் வேறொரு வழி, நாடுகளைக் கடந்த எந்த ஆட்சியமைப்பிலும் இன்று எனக்குத் தெரிந்து இல்லை. ஏற்பாட்டாளராக இறங்குபவர்கள் தண்ணீர், கிளைபோசேட் ஆகிய இரண்டு முன்முயற்சிகளின் கோரிக்கைப் பக்கங்களையும் பதில்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். பெரிய கோரிக்கையோடு, ஆணையம் ஓரிரு ஆண்டுகளில் செய்து முடிக்கக்கூடிய ஒரு குறுகிய கோரிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். நிராகரிக்கப்படும் கையொப்பங்கள் எப்போதும் இருக்கும் என்பதால் இலக்கைத் தாண்டிச் சேகரியுங்கள். பதில் வந்த நாளோடு குழுவைக் கலைத்துவிடாமல், அதில் குறிப்பிடப்பட்ட ஒவ்வொரு முன்மொழிவும் அமைச்சர்கள் அவையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொடர்ந்து பார்க்க ஒருவரையாவது ஒதுக்கி வையுங்கள்.